எட்டரை மணி மழை

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து சில மாதங்கள் கழித்து ஒரு வரைபடம் போட உட்கார்ந்தேன். நிரல் எழுதுவது என் பிழைப்பு. தண்ணீரைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது, அது ஒன்றுதான் தகுதி. ஒரு கோடு மழை. இன்னொரு கோடு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர். இரண்டையும் தேதிவாரியாக அடுக்கினால் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

தெரிந்தது. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி, டிசம்பர் 1. தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை, டிசம்பர் 2. அதாவது பெரிய மழைக்கு முதல் நாளே ஏரியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்! எனக்குக் கை நடுங்கியது. படத்தை எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் போட்டேன். கோபமான செய்திகள் வந்து குவிந்தன.

இரவு எதிர்வீட்டு சார் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற பொறியாளர், வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் மழைமானி பார்த்தவர்.

"தம்பி, மழைய காலைல எட்டரைக்குத்தான் அளப்போம். ரெண்டாந்தேதின்னு போட்டிருந்தா, ஒண்ணாந்தேதி எட்டரைலேர்ந்து ரெண்டாந்தேதி எட்டரை வரைக்கும் பெஞ்சதுன்னு அர்த்தம். ஒண்ணாந்தேதி பகல்லயும் ராத்திரியும் கொட்டுச்சே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அந்த இரவு முழுக்க மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவன் நான். ஆனாலும் என் உடம்புக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு அட்டவணையை நம்பியிருக்கிறேன். அட்டவணையில் எண்ணும் தவறில்லை, தேதியும் தவறில்லை. அந்த எண் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரைக்குமானது என்ற குறிப்பு மட்டும் எண்ணோடு கூட வரவில்லை. அது அளந்தவர்களின் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது.

இதே குறிப்பைத் தேடி உலகம் முழுக்கப் பலர் பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

*

ஆற்றை அளப்பது பழைய வேலை. நைல் நதிக்காரர்கள் கல்தூணில் கோடு கிழித்து வெள்ளத்தைப் பார்த்தார்கள். நவீன முறைக்கு ஒரு தொடக்கப்புள்ளி சொல்லவேண்டுமென்றால் நியூ மெக்சிகோவின் எம்புடோவைச் சொல்லலாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் தலைவர் ஜான் வெஸ்லி பவல், வறண்ட மேற்குப் பகுதியில் பாசனத்துக்கு எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியாமல் திட்டம் போட முடியாது என்றார். ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 1889-இல் அந்த ஆய்வகத்தின் முதல் ஆற்று அளவை நிலையத்தைத் தொடங்கினார்கள்.

அங்கே கற்றுக்கொண்ட விஷயம் இன்றும் மாறவில்லை. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதை யாரும் ஒவ்வொரு மணி நேரமும் நேரடியாக அளப்பதில்லை. அளப்பது நீர்மட்டத்தை. சில நாட்கள் மட்டும் ஆற்றில் இறங்கியோ பாலத்திலிருந்தோ ஓட்டத்தின் வேகத்தையும் குறுக்குவெட்டையும் அளந்து, "இந்த மட்டத்துக்கு இவ்வளவு ஓட்டம்" என்று ஒரு வளைகோடு வரைந்து வைத்துக்கொள்வார்கள். பிறகு மட்டத்தைப் பார்த்து ஓட்டத்தைக் கணக்குப்போடுவார்கள். ஒரு பெருவெள்ளம் ஆற்றுப்படுகையை அரித்துவிட்டால் வளைகோடு பொய்யாகிவிடும், திரும்ப வரையவேண்டும்.

ஆக, "வினாடிக்கு 29,000 கன அடி" போன்ற ஒரு எண்ணுக்குப் பின்னால் எத்தனை கேள்விகள்! அளவுகோலின் பூஜ்யம் எங்கே இருக்கிறது? கடல்மட்டத்திலா, ஆற்றின் அடியிலா? எந்த வளைகோடு? சரிபார்த்த எண்ணா, தற்காலிக எண்ணா? இதற்கு மேல் அலகுத் தொல்லை வேறு. நாம் கன அடியும் டி.எம்.சி.யும் பேசுகிறோம். டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. ஐரோப்பாவில் வினாடிக்குக் கன மீட்டர். ஆஸ்திரேலியாவில் நாளுக்கு மெகாலிட்டர். மழைநாளும் அப்படித்தான், நமக்கு எட்டரைக்கு முடிகிறது, ஆஸ்திரேலியாவில் ஒன்பதுக்கு.

ஒரே அலுவலகத்துக்குள் இருக்கும்வரை இது பிரச்சினையே இல்லை. அங்கே எல்லாருக்கும் தெரியும். தரவு வாசலைத் தாண்டும்போதுதான் பிரச்சினை.

*

2001-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நீரியல் ஆய்வுக்கென்று குவாசி என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் மெய்ட்மென்ட் தலைமையில் அதன் தகவல் முறைமைக்கான வேலை நடந்தது. அமெரிக்காவில் தரவுக்குப் பஞ்சமில்லை, கொட்டிக் கிடந்தது. ஆனால் புவியியல் ஆய்வகம் ஒரு வடிவில் தரும், சுற்றுச்சூழல் முகமை இன்னொரு வடிவில் தரும். ஒரே விஷயத்துக்கு ஆளுக்கொரு பெயர். ஆராய்ச்சி மாணவர்களின் காலம் ஆராய்ச்சியில் போகாமல் அட்டவணையை மாற்றியடுக்குவதிலேயே போனது.

சான் டியாகோவில் இல்யா சாஸ்லாவ்ஸ்கி, டேவிட் வாலன்டைன் ஆகியோர் இதற்காக ஒரு மொழியை வடிவமைத்தார்கள். பெயர் வாட்டர்எம்எல். மனிதர்கள் பேசுகிற மொழி இல்லை. ஒரு கணினி இன்னொரு கணினியிடம் "இது இந்த இடம், இந்த அலகு, இந்த நேரம், இந்த அளவு" என்று சொல்வதற்கான உறை. 2007-இல் அதை விவாதத்துக்காக ஓப்பன் ஜியோஸ்பேஷியல் கன்சார்டியத்தின் முன்னால் வைத்தார்கள். ஓ.ஜி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த அமைப்பு, புவியிடத் தரவுகளுக்கான திறந்த தரநிலைகளை உருவாக்குகிறது.

அதே வருடம் ஆஸ்திரேலியாவில் வேறொரு கதை. பத்தாண்டு வறட்சி. மர்ரே-டார்லிங் படுகையை நான்கு மாநிலங்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன, மொத்தம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதற்கு ஒரே கணக்கு இல்லை. நமக்குப் பழக்கமான காட்சிதான். 2007-இன் தண்ணீர்ச் சட்டம், நாட்டின் நீர்த் தகவல்களைத் திரட்டும் பொறுப்பை வானிலைத் துறையிடம் கொடுத்தது. தரவு தரவேண்டிய அமைப்புகள் இருநூறுக்கும் மேல். இருநூறு வடிவங்களை யார் படிப்பது? அவர்களும் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனமும் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு பரிமாற்ற வடிவத்தை உருவாக்கினார்கள்.

இப்போது பாருங்கள், பல மொழிகளுக்குத் தீர்வாக வந்த பொது மொழியே இரண்டாகிவிட்டது! இந்த இடத்தில் ஆளாளுக்குத் தன் வடிவம்தான் சிறந்தது என்று நின்றிருந்தால் கதை முடிந்திருக்கும். நிற்கவில்லை. 2009-இல் ஓ.ஜி.சி.யும் உலக வானிலை அமைப்பும் கைகோத்து நீரியலுக்கு ஒரு பணிக்குழுவை அமைத்தன. காகிதத்தில் மட்டும் வாதாடாமல் செய்துபார்த்தார்கள். அமெரிக்காவும் கனடாவும் எல்லைக்கு இருபக்கமும் உள்ள நிலத்தடி நீர்த் தரவைப் பரிமாறிப் பார்த்தன. மேற்பரப்பு நீருக்கு ஜெர்மனியும் பிரான்சும். எங்கே பொருள் தொலைந்துபோகிறதோ அங்கே வரையறையைத் திருத்தினார்கள். சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் பீட்டர் டெய்லர் தொகுப்பாளராக இருக்க, 2012-இல் வாட்டர்எம்எல் 2.0 தரநிலையாக ஏற்கப்பட்டது. 2016-இல் அந்த மட்டம்-ஓட்டம் வளைகோட்டுக்கும் தனிப் பகுதி வந்தது.

அந்த ஆவணத்தை நான் படித்தது எதிர்வீட்டு சார் திட்டியதற்குப் பிறகுதான். சுவாரசியமான வாசிப்பு என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பட்டியலில் கண் நின்றுவிட்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று சொல்லும் பட்டியல். தொடர்ச்சியானது, அந்தக் கணத்துக்கு மட்டுமானது, முந்தைய இடைவெளியின் சராசரி, முந்தைய இடைவெளியின் மொத்தம்...

முந்தைய இடைவெளியின் மொத்தம்! இதைத்தான் சார் போனில் சொன்னார். யாரோ ஒருவர் இந்தப் பட்டியலை எழுதும்போது, எங்கேயோ ஒருவன் மழையைத் தவறான நாளில் வைத்து ஊரைக் கொதிக்கவைப்பான் என்று யோசித்திருக்கிறார்.

*

இங்கே நிறுத்தினால் இது வெற்றிக்கதையாக முடிந்துவிடும். ஆனால் உறை தயார் என்பதாலேயே கடிதம் வந்துவிடாது.

நீரியல் தரவைத் தடையின்றிப் பகிரவேண்டும் என்று உலக வானிலை அமைப்பு 1999-லேயே தீர்மானம் போட்டது. 2021-இல் வானிலை, நீர், காலநிலை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தரவுக் கொள்கையை ஏற்றது. நடுவில் 2017-ஐப் பாருங்கள். பிரம்மபுத்திராவின் மேல்பகுதி வெள்ளக்கால அளவுகளைச் சீனா இந்தியாவுக்குத் தருவதாக 2002 முதலே ஒப்பந்தம் இருந்தது. டோக்லாம் எல்லைப் பதற்றம் நடந்த அந்த வருடம் தரவு வரவில்லை. நிலையத்தில் சீரமைப்பு வேலை நடக்கிறது என்றது சீனா. அடுத்த வருடம் மீண்டும் வந்தது. அசாமில் ஆற்றோரம் வாழ்கிறவனுக்கு அந்த எண் என்ன வடிவில் வருகிறது என்பது பிரச்சினையே இல்லை. வருகிறதா என்பதுதான் பிரச்சினை. நாமும் ஒன்றும் யோக்கியமில்லை. கங்கை, பிரம்மபுத்திரா, சிந்துப் படுகைகளின் தரவை இந்தியாவும் எல்லாருக்கும் திறந்துவைக்கவில்லை, அது வகைப்படுத்தப்பட்ட தரவு.

அப்படியானால் தரநிலை எதற்கு? நான் இதற்கு ஒரு பதிலை வைத்திருக்கிறேன். தராமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம்: "முடியாது", "மாட்டோம்". பொது மொழி இல்லாதவரை இரண்டாவதை முதலாவதுக்குப் பின்னால் ஒளித்துவைக்கலாம். எங்கள் கணினி வேறு, எங்கள் முறை வேறு, கொடுத்தாலும் உங்களுக்குப் புரியாது என்று சொல்லலாம். 2012-க்குப் பிறகு அந்தச் சாக்கு செல்லாது. "மாட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது. வாய்விட்டுச் சொன்னதை எதிர்த்துக் கேட்கவும் முடியும்.

*

மறுநாளே படத்தைத் திருத்தினேன். மழையை எட்டரைக்கு எட்டரை என்று வைத்ததும் மழையும் திறப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றன. முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாமா என்ற கேள்வி அப்படியே இருந்தது, அது நியாயமான கேள்வி. ஆனால் என் முதல் படம் அதற்குப் பதிலே இல்லை, வேறொரு பொய்க்குற்றம்.

திருத்திய படத்தையும் குழுவில் போட்டு, தவறு என்னுடையது என்று எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். பழைய படம் ஒரு மாதம் கழித்து வேறொரு குழு வழியாக எனக்கே திரும்பி வந்தது. என் பெயரைக் காணோம். தேதி மட்டும் அப்படியே இருந்தது: டிசம்பர் 2.