பொப்பியும் பூவரசும்



சென்ற நவம்பரில் பேத்தி பாடசாலையிலிருந்து சட்டையில் சிவப்புப் பொப்பிப் பூவோடு வந்தாள். "அம்மப்பா, உங்களுக்கும் ஒன்று வாங்கட்டோ?" என்று கேட்டாள். எனக்கு உடனே வாய் வரவில்லை. ஆமிக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவன் நான். சிப்பாய்களுக்காகப் பூக் குத்துவது எனக்கு இலேசான காரியமல்ல.

ஸ்ட்ரெதம் கொமன் பக்கம் போகிறவர்கள், ஹை ரோட்டோரத்து நினைவுப் பூங்காவில் தலை குனிந்து நிற்கும் வெண்கலச் சிப்பாயைக் கண்டிருப்பீர்கள். 1922இல் திறந்து வைத்த சிலை. செத்தவர்களுக்குச் சிலை எழும்பிய அதே காலத்தில், உயிரோடு திரும்பியவர்கள் பலர் வேலையின்றித் தெருவில் நின்றார்கள். சிப்பாய்களின் மனைவி பிள்ளைகளுக்கு உதவும் சங்கம் ஒன்று 1885 முதலே இருந்தது, அது போதவில்லை. போரால் திரும்பியவர்களின் நான்கு சங்கங்கள் 1921 மே 15இல் ஒன்றாகிப் பிரித்தானிய லீஜன் பிறந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே பொப்பி விற்று 106,000 பவுணுக்கு மேல் சேர்த்தார்கள். மறு ஆண்டு, அங்கவீனரான பழைய சிப்பாய்களையே வைத்துப் பொப்பி செய்யும் தொழிற்சாலையை மேஜர் ஹௌசன் தொடங்கினார்.

அந்தப் பூ கப்பலேறி இலங்கைக்கும் வந்தது. பள்ளிப் பிள்ளைகள்கூட வாங்கினார்கள். ஆனால் சேர்ந்த காசில் பெரும்பங்கு பிரித்தானியாவுக்கே போனது. இலங்கையிலிருந்தும் போருக்குப் போய் வந்தவர்கள் இருந்தார்களே, அவர்களுக்கு என்ன? இப்படிக் கேட்டவர் இலங்கை முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் ஏலியன் பெரேரா. 1931இல், அதே நவம்பர் 11ஆம் திகதி, நம்மவருக்கு உதவவென்று போட்டியாக 'சூரிய மல்' விற்கத் தொடங்கினார். சூரிய மல் என்பது வேறொன்றுமல்ல, நம்முடைய பூவரசம் பூ! வேலிக் கதியாலாக நின்றதே, இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினோமே, அதேதான்.

1933இல் இந்தப் பூக்களின் சண்டையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிச் சூடேற்றியவர் டொறின் யங் என்ற ஆங்கிலேய ஆசிரியை என்பதுதான் வேடிக்கை. வறிய இலங்கைப் பிள்ளையின் சதம் ஏன் கடல் கடக்க வேண்டும் என்பது அவர் வாதம். பிறகு இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் சூரிய மல் தொண்டர்கள் மருந்தும் உணவும் கொண்டு ஊரூராகப் போனார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களிலும் இவர்கள் இருந்தார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் முதலில் கை நீட்டிய பழைய சிப்பாய் இந்தக் கதையில் எங்கோ பின்னுக்குப் போய்விட்டான். அது எனக்கு உறுத்துகிறது.

மறுநாள் ஸ்டேசன் வாசலில் பொப்பித் தகரத்தோடு நின்ற முதியவரிடம், இந்தக் காசு யாருக்குப் போகிறது என்று கேட்டேன். "எங்கட ஆட்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும்" என்ற கருத்தில் பதில் சொன்னார். ஒரு பவுண் போட்டேன். பூவை வாங்கிப் பொக்கற்றில் வைத்தேன். இன்னும் குத்தவில்லை. பேத்தி தினமும் பார்க்கிறாள்.