பலகை மாறுகிறது, சேரிக்கு என்ன மாறுகிறது?

பூந்தமல்லி நகராட்சி. பக்கத்தில் ஆவடி மாநகராட்சி. சற்றுத் தள்ளி, 2011 முதல் சென்னை மாநகராட்சியின் 7ஆம் மண்டலமாகிவிட்ட அம்பத்தூர். இவற்றைச் சுற்றிலும் கிராம ஊராட்சிகள். ஒரே பேருந்துப் பயணத்தில் மூன்று விதமான ஆட்சிகளை நாம் கடக்கிறோம். இந்த வேறுபாடு நம் மக்களுக்கு ஏன் முக்கியம்?

இந்த ஊர்கள் அனைத்தும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், நிலமற்ற நம் முன்னோரின் நிலையை 1891இல் அறிக்கையாக எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணையே பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. 1997இல் மாவட்டம் பிரிந்து திருவள்ளூர் உருவானது. எல்லைகள் மாறினாலும் நிலக் கேள்வி தீரவில்லை.

கிராமம் நகரமாகும்போது நிலம் புதிதாக அளக்கப்பட்டு நகர அளவை எண் தரப்படுகிறது. பழைய சர்வே எண் புழக்கத்திலிருந்து மறைகிறது. பஞ்சமி நிலத்தைத் தேடுபவருக்கு அந்தப் பழைய எண்தான் சாவி.

1992இல் வந்த 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் மக்கள்தொகைக்கு ஏற்ப நமக்கு இடஒதுக்கீடு தந்தன. 2019இல் மாநகராட்சியான ஆவடியின் முதல் மேயர் பதவி 2022இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. இது போராடிப் பெற்ற உரிமை. ஆனால் அதற்கு முன், 2016 முதல் 2022 வரை நகர்ப்புற அமைப்புகளைத் தனி அலுவலர்களே நடத்தினார்கள். தேர்தல் இல்லாத இடத்தில் இடஒதுக்கீடும் இல்லை.

பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் நகராட்சிகளையும் அருகிலுள்ள ஊராட்சிகள் பலவற்றையும் ஆவடியோடு சேர்க்கும் திட்டத்தை 2025 தொடக்கத்தில் அரசு அறிவித்தது. சாலை, குடிநீர், பாதாளச் சாக்கடை வரும் என்கிறார்கள். வரட்டும். இழப்பையும் எண்ணுவோம். ஊராட்சி போனால் ஊரக வேலைத் திட்டம் போகும். சுழற்சியில் நம்மவருக்கு வரும் தலைவர் பதவி போகும். வாக்காளர் ஒவ்வொருவரும் எழுந்து கேள்வி கேட்கும் கிராம சபை போகும். சொத்து வரி கூடும். சாக்கடை வந்தால் அதில் இறக்கப்படுவது யார் என்பதும் நமக்குத் தெரியும். அதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா உள்ளாட்சிகளையும் கட்டுப்படுத்தும்.

நாம் நகரத்துக்கு எதிரிகள் அல்ல. கிராமத்தைச் சாதியின் கூடாரம் என்று அம்பேத்கர் கண்டித்ததை மறந்தவர்களும் அல்ல. ஆனால் நம்மைக் கேட்காமல் நடக்கும் இணைப்பு, சேரியை வார்டின் ஓரத்துக்குத் தள்ளும் இன்னொரு வழியாகிவிடக் கூடாது.

எனவே மாணவத் தோழர்களே, மூன்று வேலைகள். உங்கள் பகுதி நிலங்களின் பழைய சர்வே எண்களை எழுதி வையுங்கள். வார்டு எல்லை வரைவு வந்தால் சேரி எந்தெந்த வார்டுகளாகப் பிரிகிறது என்று பார்த்து, கெடுவுக்குள் ஆட்சேபனை கொடுங்கள். நகரத்தில் கிராம சபைக்கு ஈடாக 2022இல் வந்த பகுதி சபையைக் கூட்டச் சொல்லி, அதில் போய் உட்காருங்கள்.

ஜெய் பீம்.