பதினேழாம் நம்பர் பாட்டியும் நூறு வோல்ட் கம்பியும்



நம் ஊர் தர்ம ஆஸ்பத்திரியின் முன்கூடத்துக்கு மைக் செட் வாங்க நீங்கள் எல்லாரும் சேர்ந்து அனுப்பிய 25,000 ரூபாய்க்கு நான் கணக்குச் சொல்ல வேண்டும். கணக்கு மட்டும் என்றால் நாலு வரியில் முடிந்துவிடும். ஆனால் ஒரு ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுக்கப் போய் நான் நூறு வருடம் பின்னால் போய்விட்டு வந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பதிவு நீளம்தான், காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சென்ற ஆடி மாதம் பிரஷர் மாத்திரை வாங்க அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி, கையில் 17-ஆம் டோக்கன். மேலே நாலு ஃபேன், கீழே வழவழவென்று டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. நர்ஸ் பொண்ணு டாக்டர் அறை வாசலில் நின்று கத்துகிறது. அந்தக் கூடத்தில் "பதி" என்பது மட்டும்தான் காதில் விழுகிறது. பதினேழா பதினெட்டா என்பது சுவரில் பட்டுச் சிதறிப் போகிறது. மணி பன்னிரண்டு ஆனதும் "இன்னைக்கு என்னைக் கூப்பிடல சாமி" என்று சொல்லிவிட்டு அந்தப் பாட்டி பஸ்ஸுக்குப் போய்விட்டது. 24-ஆம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இருந்த எனக்கும் தோன்றவில்லை பாருங்கள். அன்று ராத்திரிதான் உங்களுக்கு எழுதினேன்.

பணம் வந்ததும் நேரே கடைக்குப் போனேன். "250 வாட்ஸ் எடுத்துக்குங்க டீச்சர், ஆஸ்பத்திரியே அதிரும்" என்றார் கடைக்காரர். ஆஸ்பத்திரி எதற்கு அதிர வேண்டும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வாட்ஸ் அதிகம் என்றால் நல்லது என்றுதான் நானும் நினைத்தேன். முன்பணம் கொடுக்கும் நேரத்தில் ரேடியோ செட் கட்டும் நம் பழைய மாணவன் ஒருவன் (ஏழாம் வகுப்பில் கணக்குக்கு என்னிடம் வாங்கிய அடியை இன்றும் நினைவு வைத்திருப்பவன்) அங்கே வந்தான். "ஏனுங்க டீச்சர், கல்யாணமா பண்றீங்க? அது திருவிழாவுக்கு ஆகுற சாமானுங்க. இது பேச்சுக் கேக்குற இடம்" என்றான். வீட்டுக்கு வந்து பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினான். எல்லாம் சரியாக இருந்தது. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இந்த "அதிரணும்" என்கிற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். அங்கேதான் சரித்திரம் ஆரம்பிக்கிறது.

மைக் இல்லாத காலத்தில் குரல்தான் எல்லாம். நாடக மேடையில் கிட்டப்பாவின் குரலும், நம் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளின் குரலும் கொட்டகையின் கடைசி வரிசை வரை போனது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தொண்டை இல்லாதவர்கள் மேடைக்கு வர முடியாது. அரசியலிலும் அப்படித்தான்.

1906-இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் என்பவர் மூன்று முனை வால்வு செய்தார. சின்ன மின்சாரத்தை அது பெரிதாக்கும் என்பது பிடிபடவே சில வருடம் ஆயிற்று. கலிஃபோர்னியாவில் பிரிதாம், ஜென்சன் என்ற இரண்டு பேர், காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருளை வைத்து, அதன் அசைவைக் கூம்பு வழியாக வெளியே விட்டார்கள். 1915 கிறிஸ்துமஸ் சமயத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன்னால் கூடிய பெருங்கூட்டத்துக்கு அதில் பாட்டு வைத்தார்கள். அவர்கள் கம்பெனிக்கு வைத்த பெயர் மேக்னவாக்ஸ். லத்தீனில் பெருங்குரல் என்று பொருள்.

1919 செப்டம்பர் 19-ஆம் தேதி சான் டியேகோ மைதானத்தில் ஜனாதிபதி உட்ரோ வில்சன் பேசினார். சர்வதேச சங்கத்துக்கு ஆதரவு கேட்டு ஊர் ஊராகப் பேசிப் பேசிக் களைத்துப் போயிருந்த மனிதர். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசினார், மேலே இரண்டு கூம்புகள். 50,000 பேருக்கு மேல் கேட்டார்கள். அதற்குச் சில நாட்களுக்குள் உடம்பு விழுந்து பயணமே நின்றுபோனது வேறு கதை. 1921 நவம்பர் 11 அன்று ஆர்லிங்டன் கல்லறையில் நடந்த நினைவுச் சடங்கை டெலிபோன் கம்பி வழியாக நியூயார்க்கிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் ஒரே நேரத்தில் ஒலிபெருக்கியில் கேட்க வைத்தார்கள். ஒரு குரல் ஒரே சமயத்தில் மூன்று ஊரில்!

நம் பக்கமும் பின்தங்கி இருக்கவில்லை. சென்னையில் 1924-லேயே ரேடியோ கிளப் ஆரம்பித்தார்கள். பணம் இல்லாமல் அது 1927-இல் நின்றபோது கருவிகள் மாநகராட்சிக்குப் போயின. 1930 முதல் மாநகராட்சியே சாயங்காலம் ஒலிபரப்பு நடத்தியது. வீட்டில் ரேடியோ இல்லாதவர்கள் மெரினாவிலும் பூங்காக்களிலும் வைத்திருந்த ஒலிபெருக்கியின் கீழே உட்கார்ந்து கேட்டார்கள். 1938-இல் அகில இந்திய வானொலி வரும்வரை இது நடந்தது.

என் வயதுக்காரர்களுக்கு இதன் மிச்சம் நன்றாகத் தெரியும். மாரியம்மன் பொங்கல் என்றால் பனைமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். ரேடியோ செட்காரர் ஸ்விட்ச் போட்டதும் வால்வு சிவக்கும் வரை நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி நிற்போம். மூன்று ஊருக்குக் கேட்டால்தான் திருவிழா. பக்கத்து ஊரில் கேட்கவில்லை என்றால் செட்காரருக்குப் பணத்தில் பிடித்துவிடுவார்கள். எனக்குள் இருந்த 250 வாட்ஸ் ஆசை அங்கே முளைத்ததுதான்.

ஆனால் கூம்பு என்பது கூப்பிடும் தூரத்தை நீட்டுகிற சாமான். அதன் அடியில் இருப்பவருக்குக் காது வலிக்கும், கடைசியில் இருப்பவருக்குத்தான் அளவாக இருக்கும். கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஜனத்துக்கு வேறு வழி வேண்டியிருந்தது. 1925-இல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ரைஸ், கெல்லாக் இருவரும் கூம்புக்குழாய் இல்லாமல் காகிதக் கோனே நேராகக் காற்றைத் தள்ளும் ஸ்பீக்கரை வெளியிட்டார்கள். இன்று ஃபால்ஸ் சீலிங்கில் வட்டமாகத் தெரிகிறதே, அதற்கு அதுதான் பாட்டன். அதே காலத்தில் ஜார்ஜ் ஸ்குவையர் என்ற ராணுவ அதிகாரி கம்பி வழியாகவே வீட்டுக்கும் கடைக்கும் பாட்டு அனுப்பும் தொழிலைத் தொடங்கினார். 1934-இல் அதற்கு மியூசாக் என்று பெயர் வந்தது. கோடாக் என்ற பெயர் பிடித்துப்போய் மியூசிக்கோடு ஒட்டிக்கொண்டாராம். ஹோட்டல் முன்கூடத்தில் யாரும் கவனிக்காமல் ஓடும் மெல்லிய இசை அந்த வழியில் வந்தது. கவனிக்காத பாட்டு எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் கேள்வி உண்டு. இருக்கட்டும்.

ஒரு பெரிய ஸ்பீக்கருக்குப் பதில் பத்து சின்ன ஸ்பீக்கர் என்றதும் புதுச் சிக்கல் வந்தது. சாதாரண ஸ்பீக்கர் 8 ஓம். ஆறு ஸ்பீக்கரைப் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே இணைத்தால் மொத்தம் 1.3 ஓம்தான். ஆம்ப்ளிஃபயருக்கு அது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். புகைந்துவிடும். தூரம் அதிகமானால் பாதி சக்தி கம்பியைச் சூடாக்குவதிலேயே போகும்.

இதற்கு விடை கரண்டு கம்பத்தில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. பைக்காராவில் 1932-இல் மின்சாரம் எடுத்துக் கோயமுத்தூர் மில்களுக்குக் கொண்டுவந்தார்களே, எப்படி? வோல்டேஜைப் பல மடங்கு ஏற்றி, கரண்டைக் குறைத்து, மெல்லிய கம்பியில் அனுப்பி, வந்து சேர்ந்த இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்கினார்கள். கரண்டு பாதியானால் கம்பியில் வீணாவது கால்வாசியாகிவிடும். ஒலிபெருக்கிக்காரர்களும் அதையே செய்தார்கள். ஆம்ப்ளிஃபயர் உள்ளே ஏற்றுகிறது. ஒவ்வொரு ஸ்பீக்கர் முதுகிலும் தீப்பெட்டி அளவு டிரான்ஸ்ஃபார்மர் இறக்குகிறது. அமெரிக்காவில் இது 70 வோல்ட், நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் 100 வோல்ட். வீட்டில் பல்பு சேர்ப்பது போல ஸ்பீக்கரைச் சேர்த்துக்கொண்டே போகலாம். மொத்த வாட்ஸ் மட்டும் ஆம்ப்ளிஃபயரின் அளவைத் தாண்டக்கூடாது.

இப்போது நம் கூடத்துக்கு வருவோம். 30 அடி நீளம், 16 அடி அகலம், சீலிங் 10 அடி உயரம். உட்கார்ந்திருப்பவர் காது 4 அடியில் இருக்கும். மிச்சம் 6 அடி. ஸ்பீக்கர் கீழ்நோக்கிக் குடை மாதிரி விரிக்கும் ஒலி அந்த உயரத்தில் சுமார் 12 அடி வட்டமாக விழும். வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏற வேண்டும். ஆகவே மூன்று மூன்றாக இரண்டு வரிசை, ஆறு ஸ்பீக்கர்.

சத்தம் எவ்வளவு? நல்ல ஸ்பீக்கர் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 90 டெசிபல் தரும். நம் 6 அடியில் 85. சாதாரணப் பேச்சு 60தான்! ஆக ஒரு வாட்டே அதிகம். டிரான்ஸ்ஃபார்மரில் 6, 3, 1.5 வாட் என்று முனைகள் இருக்கும், 1.5 முனையில் கட்டினோம். ஆறுக்கும் சேர்த்து 9 வாட். நாளைக்குத் தாழ்வாரத்தில் இரண்டு சேர்த்தாலும் தாங்க 40 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் எடுத்தோம். இன்னொன்றும் அவன் சொன்னான்: காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 250-க்கு ஆசைப்பட்ட எனக்கு அதில் இரண்டு மடங்குகூடக் கிடைத்திருக்காது.

வாட்ஸை விட முக்கியமாக மூன்று விஷயம் பார்த்தோம். மைக்கில் பேசியதும் பாட்டு தானாக அடங்க வேண்டும். கரண்டு போனால் பேட்டரியில் ஓட வேண்டும். அடிக்குரலையும் கூர்மையையும் தனித்தனியாகத் திருக வசதி வேண்டும். வயதானால் முதலில் போவது கூர்மையான ஒலிகள். ச, ட, ப போன்ற எழுத்துகள் மங்கிவிடும். அடிக்குரலைக் குறைத்தால் அவை மேலே வருகின்றன. வால்யூமை ஏற்றினால் வருவதில்லை.

இதை எழுதும்போது ஒரு பிள்ளை ஞாபகத்துக்கு வருகிறாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஐந்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தாள். டிக்டேஷன் போட்டால் "பட்டம்" என்பதை "பத்தம்" என்று எழுதுவாள். கவனமில்லை என்று எத்தனையோ முறை நிற்க வைத்திருக்கிறேன். நான் குரலை உயர்த்துவேன், முன் பெஞ்சுப் பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள், அவள் எழுதுவது மாறாது. மூன்று வருடம் கழித்துச் சந்தையில் அவள் அம்மா சொல்லித்தான் தெரிந்தது, வேறு பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் காது சரியில்லை என்று கண்டுபிடித்தார்கள் என்று. எழுந்து நாலு அடி நடந்து அவள் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்லியிருந்தால் போதும். ஆசிரியர் பயிற்சியில் குரலை எப்படி வீசுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதைத்தான் கடைசி வரை செய்தேன். இதைப் படித்தாயானால் எனக்கு ஒரு போன் பண்ணு கண்ணு.

போன திங்கட்கிழமை செட் ஓட ஆரம்பித்தது. வால்யூம் பத்தில் மூன்றில் நிற்கிறது. நர்ஸ் பொண்ணுக்கு ஒன்று மட்டும் சொல்லிவைத்தேன்: "பதினேழு" என்று ஒரு தடவை, பிறகு "ஒன்று, ஏழு" என்று ஒரு தடவை. அந்தப் பாட்டியும் வந்திருந்தது. கூப்பிட்டதும் எழுந்து போனது. திரும்பி வரும்போது சீலிங்கைப் பார்த்து, "இதுல சுந்தராம்பாள் பாட்டு வராதா?" என்று கேட்டது.

கணக்கு: ஆம்ப்ளிஃபயர் 8,900, ஸ்பீக்கர் ஆறு 5,400, மைக், ஒயர், சில்லறை 3,150. மொத்தம் 17,450. கட்டிய கூலியை நம் பையன் வாங்க மறுத்துவிட்டான். கையில் 7,550 இருக்கிறது. தாழ்வாரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் போடலாமா, பேட்டரி வாங்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.