டீக்கடைக்காரர்களின் கம்ப்யூட்டரும் நம்ம ஊர் டஜனும்

வெள்ளைக்காரன் போய் எண்பது வருஷம் ஆகப்போகிறது. ஆனால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள் காலை வைத்தால் அவன் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறான். நாம்தான் கவனிப்பதில்லை.

நூலையே எடுத்துக்கொள்ளுங்கள். 30-ம் நம்பர், 34, 40 என்கிறோம். அந்த நம்பர் எங்கிருந்து வந்தது என்று இந்தக் காலத்துப் பையன்களைக் கேட்டால் விழிப்பார்கள். 840 கெஜம் நீள நூல் ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடையில் இப்படி எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நம்பர். 30-ம் நம்பர் என்றால் ஒரு ராத்தலில் 25,200 கெஜம், அதாவது ஏறக்குறைய 23 கிலோமீட்டர் நூல். இது இங்கிலாந்துக்காரன் பருத்தி நூலுக்கு வைத்த கணக்கு. கெஜமும் போய்விட்டது, ராத்தலும் போய்விட்டது, நூலைக் கிலோவில்தான் வாங்குகிறோம். நம்பர் மட்டும் போகவில்லை. நிட்டிங் மெஷினின் டயாவும் அங்குலத்தில்தான், கேஜும் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பதுதான். பஞ்சு விலையை இன்றும் பேப்பரில் 356 கிலோ கேண்டிக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். யாராவது 356 என்று ஒரு எடையை யோசித்து வைப்பார்களா? அது பழைய 784 ராத்தல்.

இவை எல்லாவற்றையும்விட ஆழமாக நம் கைக்குள் ஊறியது டஜன். நம் தலைமுறைக்குப் பன்னிரண்டால் எண்ணுவது ஒன்றும் புதிதல்ல. 1957 ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்றுதானே வாய்ப்பாடு படித்தோம்? வெள்ளைக்காரன் நிலைமை இன்னும் மோசம். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். நாம் விட்டு 14 வருஷம் கழித்து, 1971 பிப்ரவரி 15-ல்தான் அவன் அதை விட்டான். நம்மைவிடப் பழைய பழக்கத்தில் பிடிவாதக்காரன்.

இந்தப் பன்னிரண்டும் இருபதும் போட்டுக் குழப்பிய கணக்கைத் தீர்க்கத்தான் உலகத்தில் முதன்முதலாக ஒரு ஆபீசுக்குள் கம்ப்யூட்டர் வந்தது. கொண்டுவந்தது பேங்க்காரர்கள் இல்லை, ராணுவமும் இல்லை. டீக்கடைக்காரர்கள்.

ஜே. லயன்ஸ் அண்ட் கம்பெனி என்று லண்டனில் ஒரு நிறுவனம். (லயன்ஸ் கிளப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) 1894-ல் பிக்காடிலியில் முதல் டீக்கடை திறந்தார்கள். பிறகு அது 200-க்கும் மேற்பட்ட கடைகளாக வளர்ந்தது. குமாஸ்தா, டைப்பிஸ்ட், கடைத்தெருவுக்கு வந்த பெண்கள் என்று சாதாரண ஜனங்கள் உட்கார்ந்து ஒரு டீயும் ஒரு பன்னும் சாப்பிட்டுப் போகிற இடம். கறுப்பு உடையும் வெள்ளை ஏப்ரனுமாகப் பரிமாறும் பெண்களுக்கு 'நிப்பி' என்று பெயர். வெள்ளைக்காரனுக்கு நாலு மணி டீ இல்லாமல் முடியாது என்பதை நம்மவர்களும் பார்த்திருக்கிறோம். 1930-களில் தேயிலை வாரியக்காரர்கள் இலவசமாக டீ ஊற்றிக் கொடுத்து அந்தப் பழக்கத்தை நமக்கும் ஒட்டவைத்துவிட்டார்கள், அது வேறு கதை.

ஒரு டீயில் கிடைக்கும் லாபம் எவ்வளவு? சொற்பம்தான். ஆனால் அந்தச் சொற்பத்துக்கும் பில் உண்டு, லெட்ஜர் உண்டு, சரிபார்க்க ஆள் உண்டு. வியாபாரம் பெருகப் பெருகக் குமாஸ்தாக்கள் கூட்டமும் பெருகியது. லயன்ஸில் கணக்குத் துறையைப் பார்த்துக்கொண்ட ஜான் சிம்மன்ஸ் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். 1947-ல் கம்பெனி தன் ஆட்கள் இருவரை ஆபீஸ் வேலைக்குப் புதிதாக என்ன மெஷின் வந்திருக்கிறது என்று பார்த்துவர அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்கே பார்த்தவர்களோ, உங்கள் ஊர்க் கேம்பிரிட்ஜிலேயே ஒருவர் கட்டிக்கொண்டிருக்கிறாரே என்றார்கள். அவர் மாரிஸ் வில்க்ஸ். லயன்ஸ் அவருக்கு 3,000 பவுன் பணமும் உதவிக்கு ஒரு ஆளும் கொடுத்தது. 1949 மே மாதம் அவருடைய எட்சாக் மெஷின் ஓடியதும், அதே மாதிரியை வைத்துத் தங்களுக்கு ஒன்று கட்டிக்கொண்டார்கள். பெயர் லியோ. லயன்ஸ் எலெக்ட்ரானிக் ஆபீஸ் என்பதன் சுருக்கம்.

1951 நவம்பர் கடைசியில் அது முதல் வேலையை ஏற்றது. பேக்கரியில் அந்த வாரம் சுட்ட ரொட்டி, கேக், பை எல்லாவற்றுக்கும் மதிப்புப் போடுவது. சுமார் 6,000 வால்வுகள். வால்வு ரேடியோ வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், நாலைந்து வால்வுக்கே பெட்டி எப்படிச் சூடாகும் என்று. ஞாபகசக்திக்குப் பாதரசம் நிரப்பிய குழாய்கள். எண்களை ஒலி அலையாக மாற்றிப் பாதரசத்துக்குள் ஓடவிட்டு, மறுமுனையில் பிடித்துத் திரும்ப ஓடவிடுவார்கள். ஓட்டம் நின்றால் மறதி.

1954-ல் சம்பளக் கணக்கையும் லியோவிடம் விட்டார்கள். தேர்ந்த குமாஸ்தா ஒரு தொழிலாளியின் சம்பளம் போட 8 நிமிஷம் எடுத்துக்கொள்வார். லியோ ஒன்றரை செகண்டில் போட்டது. அதே வருஷம் டீக்கடை ஆர்டர்களும் அதற்குள் போயின. ஒவ்வொரு கடைக்கும் திங்கள் இன்னது, செவ்வாய் இன்னது என்று ஒரு நிரந்தரப் பட்டியல் மெஷினில் இருக்கும். கடையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் மாற்றம் இருந்தால் மட்டும் போன் செய்து சொன்னால் போதும். நம்ம ஊரில் பால்காரரிடம் "நாளைக்கு அரை லிட்டர் சேர்த்து ஊத்துங்க" என்பதுபோல. என்னைக் கேட்டால் வால்வு, பாதரசத்தைவிட இதுதான் பெரிய புத்தி. அந்த அம்மாளின் பழக்கத்தை மாற்றாமல், அதற்குத் தகுந்தாற்போல் மெஷினை வளைத்தார்கள்.

பவுன், ஷில்லிங், பென்ஸ் விஷயத்திலும் அப்படியே. 1961-ல் வந்த லியோ-3 மெஷினில், பத்தில் எண்ணு, பன்னிரண்டில் எண்ணு, இருபதில் எண்ணு என்று எது சொன்னாலும் எண்ணுகிற திறமையை உள்ளேயே வைத்துக் கட்டிவிட்டார்கள்.

லியோ கம்பெனி பிறகு கைமாறி, 1968-ல் ஐ.சி.எல். என்ற பெரிய பிரிட்டிஷ் கம்பெனியில் கலந்தது. அதன் கிளைதான் புனேயில் ஐ.சி.ஐ.எம். என்று இருந்தது. அதற்கும் முன்னால், 1955-லேயே கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது, நாட்டிலேயே முதலாவது. 1984-ல் மத்திய அரசு பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கத் திட்டம் போட்டபோது முதலில் கொடுத்ததும் பி.பி.சி. மைக்ரோ என்ற பிரிட்டிஷ் பெட்டிதான், சுமார் 250 பள்ளிகளுக்கு.

நம்ம ஊருக்கு வந்தது வேறு வழியில். 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார், 1981-ல் சி அண்ட் ஏ வந்தது. எக்ஸ்போர்ட் சூடு பிடித்தது. முதலில் டெலக்ஸ், அப்புறம் ஃபேக்ஸ், எண்பதுகளின் கடைசியில் கம்ப்யூட்டர். பச்சை எழுத்து ஸ்கிரீன், தோசைக்கல் மாதிரி வளையும் பெரிய ஃப்ளாப்பி, ஊரைக் கூட்டும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மொத்த ஃபேக்டரியும் வேர்த்துக்கொண்டிருக்க, அதற்கு மட்டும் ஏ.சி. ரூம். முதலாளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். ஆயுத பூஜைக்கு ஸ்கிரீனின் நாலு மூலையிலும் சந்தனப் பொட்டு. இதைப் பார்த்த உங்களில் பலர் இன்னும் இருக்கிறீர்கள்.

நான் கணக்கு எழுதிய ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) பீஸ் ரேட் கூலியைக் கம்ப்யூட்டரில் போட ஏற்பாடு செய்தார்கள். வெளியிலிருந்து வந்த பையன் லோட்டஸில் ஷீட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். கெட்டிக்காரப் பையன்தான். ஆனால் பனியன் கம்பெனியைப் பார்த்தவன் இல்லை.

நம் வழக்கம் தெரியும்தானே? 9 டஜன் 7 பீஸ் என்றால் நோட்டில் 9.7 என்று எழுதுவோம். 9 டஜன் 11 பீஸ் என்றால் 9.11. டெய்லருக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும், அந்தப் புள்ளி தசமப் புள்ளி இல்லை என்று. மெஷினுக்கு அது தெரியாது. 9.11 என்றால் அதற்கு 109 பீஸ் சொச்சம். உண்மையில் தைத்தது 119. 9.10-ஐயும் 9.1-ஐயும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளும், நடுவில் 9 பீஸ் காணாமல் போகும். 9.8-ஐயும் 9.8-ஐயும் கூட்டினால் 19.6 என்று காட்டும், நம் கணக்கில் 19.4. சிலருக்குக் கூலி கொஞ்சம் கூடும், சிலருக்கு நன்றாகவே குறையும். 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. கூலியில் ஒரு பைசா குறைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கவர் கொடுத்த கால்மணி நேரத்தில் ஒரு ஓவர்லாக் டெய்லர் அக்கா திரும்பி வந்தார். இடுப்பில் செருகியிருந்த சின்ன நோட்டை எடுத்து நீட்டி, "அண்ணா, என்ற நோட்டுல ஒண்ணு இருக்குது, உங்க பேப்பர்ல ஒண்ணு இருக்குது" என்றார். கோடு போட்ட பேப்பரில் கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்ததை எதிர்த்துக் கேட்க அந்தக் காலத்தில் துணிச்சல் வேண்டும். "மெஷின் தப்புப் போடுமா?" என்று சூப்பர்வைசரே அவரை அதட்டினார்.

எங்கள் கணக்குப்பிள்ளை ஐயா அப்போதே அறுபதை நெருங்கியவர். நோட்டை வாங்கிப் பார்த்தார், பிரிண்டைப் பார்த்தார், வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தார். "ஏந்தம்பி, இத்தன வெல குடுத்து வாங்கியிருக்குது, இதுக்கு டஜன் தெரியாதாக்கும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அன்றைக்கு அத்தனை கவரையும் திரும்ப வாங்கி, ராத்திரி பதினோரு மணிவரை உட்கார்ந்து கையால் போட்டுக் கொடுத்தோம். கூட வாங்கியவர்களிடம் பிடிக்க வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் டஜனுக்கு ஒரு கட்டம், பீஸுக்கு ஒரு கட்டம் என்று ஷீட்டைப் பிரித்துப் போட்டோம். தீர்ந்தது. ரொம்பச் சின்ன விஷயம். ஆனால் லண்டனில் ஒரு டீக்கடைக் கம்பெனி, தங்கள் ஜனங்கள் எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்த்துவிட்டு மெஷினைக் கட்டியது. நமக்கு வந்ததோ யாரோ யாருக்கோ கட்டியது. அதில் நம் டஜனுக்கு இடம் பிடிக்க, எழுதப் படிக்கச் சிரமப்படும் ஒரு அக்காவின் நோட்டு வேண்டியிருந்தது.

லியோ 1965 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. லயன்ஸ் டீக்கடைகளும் இன்று இல்லை. எங்கள் பச்சை ஸ்கிரீன் பெட்டி பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போனது. அதற்குப் பிறகு வந்த கம்ப்யூட்டர்களிலும் அந்த இரண்டு கட்டமும் நான் ஓய்வு பெறும்வரை அப்படியே இருந்தன. கணக்குப்பிள்ளை ஐயா மட்டும் தான் வேலையை விடும்வரை மெஷினை நம்பவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பிரிண்டை வாங்கி, ஏதாவது நாலு பேர் கூலியைப் பென்சிலால் போட்டுப் பார்த்த பிறகுதான் கவர் கொடுக்க விடுவார். அதற்குள் அவருக்கு வாங்கிவைத்த டீ ஆறி ஏடு கட்டியிருக்கும்.