விதைக்குத் தடையில்லை, செடிக்கு ஜெயில்: கஞ்சா விதையின் 130 வருஷக் கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்குது.

சேலையூர்ல இருக்கிற என் காலேஜ் நண்பன் ஒருத்தன். மொட்டை மாடியில கத்தரி, வெண்டை, தக்காளின்னு இருபது தொட்டி வெச்சிருக்கான். புரோட்டீனுக்காக ஆன்லைன்ல ஹெம்ப் விதை ஒரு பாக்கெட் வாங்கியிருக்கான். அதை போட்டோ எடுத்து அனுப்பிட்டுக் கேட்டான்: "மச்சி, இதுல நாலு விதைய தொட்டில போட்டு, வர்ற விதைய நானே எடுத்துக்கலாமா? எனக்கு இலை, பூ எதுவும் வேணாம்டா. விதை மட்டும்தான். விதை லீகல்தானே?"

கேள்வி நியாயமானது. கடையில விக்கிற பொருள், மேல எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பர் வேற இருக்கு. வெந்தயம் வாங்கினா தொட்டில தூவி கீரை எடுக்கிறோம், இதை ஏன் போடக்கூடாது? பதில் ஒரு வார்த்தைதான்: கூடாது. ஆனா ஏன் கூடாதுன்னு தேடப் போனா, அது 1893 வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு.

முதல்ல இன்றைய சட்டம். என்.டி.பி.எஸ். சட்டம், 1985. அதுல கஞ்சான்னா என்னன்னு ஒரு வரையறை இருக்கு. செடியோட பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள்தான் கஞ்சா. நுனியோட சேராம தனியா இருக்கிற விதையும் இலையும் அந்த வரையறைக்குள்ள வராது. அதனால விதை போதைப்பொருள் இல்லை. 2021 நவம்பர்ல எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஹெம்ப் விதை, எண்ணெய், மாவு மூணையும் உணவாகவே ஏத்துக்கிச்சு. போதை தர்ற டி.எச்.சி. விதையில கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில 10 மில்லிகிராம் தாண்டக்கூடாது, அவ்வளவுதான்.

ஆனா அதே சட்டத்தோட 8-வது பிரிவு கஞ்சா செடியை வளர்க்கறதையே தடை பண்ணுது. 20-வது பிரிவுப்படி சாகுபடிக்கு 10 வருஷம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். பிடிபட்ட கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல வணிக அளவுன்னு படிக்கட்டு இருக்கு. சாகுபடிக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு தொட்டிக்கும் ஒரு ஏக்கருக்கும் அந்தப் பிரிவு வித்தியாசம் பார்க்கல. 35-வது பிரிவு இன்னும் கறாரானது. குற்ற எண்ணம் இருந்ததுன்னு கோர்ட் முன்கூட்டியே எடுத்துக்கும், இல்லைன்னு நீங்கதான் நிரூபிக்கணும். 25-வது பிரிவு, தெரிஞ்சே இடம் கொடுத்த வீட்டுக்காரரையும் பிடிக்கும். என் நண்பனோட வீடு அவன் அம்மா பேர்ல இருக்கு.

ஆக, விதை குற்றமில்லை, விதை காய்க்கிற செடி குற்றம். புரோகிராம் எழுதறவன் கண்ணுக்கு இது ஒரு பக் மாதிரி தெரியும். அவுட்புட் ஓகே, அதைத் தர்ற ஃபங்ஷனை மட்டும் கூப்பிடக்கூடாது. ஆனா இது பக் இல்லை. தெரிஞ்சே போட்ட கோடு.

கோடு புரியணும்னா கொஞ்சம் தாவரவியல் வேணும். பப்பாளி மாதிரி, பெரும்பாலும் கஞ்சாவுக்கும் ஆண் செடி தனி, பெண் செடி தனி. மகரந்தம் காத்துல போகும். பெண் செடியில விதை பிடிச்சிட்டா அதோட சக்தி விதைக்குப் போயிடும், பிசின் குறையும். அதனால போதைக்காகப் பயிரிடறவன் ஆண் செடியைப் பிடுங்கி எறிவான். விதைக்காகப் பயிரிடறவன் ஆண் செடியை விட்டு வைப்பான். ஒரே செடி, ரெண்டு நேர் எதிரான விவசாயம். பக்கத்து பக்கத்து வயல்ல ரெண்டும் இருந்தா, விதைக்காரன் வயல்ல இருந்து வர்ற மகரந்தம் கஞ்சாக்காரன் பயிரைக் கெடுத்துடும்.

இதை வெள்ளைக்காரன் ரொம்ப நல்லா புரிஞ்சு வெச்சிருந்தான். இப்ப பங்களாதேஷ்ல இருக்கிற நவ்கான்தான் அப்போ வங்காளத்தோட பெரிய கஞ்சா வட்டாரம். அங்க வயல் வயலா நடந்து போய் ஆண் செடியை அடையாளம் பார்த்துப் பிடுங்கறதுக்குன்னே ஆளுங்க இருந்தாங்க. அரசாங்க அறிக்கைகள்ல அவங்களுக்குப் பேரே "கஞ்சா டாக்டர்". விவசாயி கூலி கொடுத்து அவரைக் கூப்பிடுவான். 1917-ல அங்க கஞ்சா விவசாயிகளுக்குன்னு கூட்டுறவு சங்கமே வந்துச்சு. அரசாங்கத்துக்கு அது வரி தர்ற பயிர்.

இப்ப 1893-க்கு வருவோம். பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல மதுவிலக்கு ஆதரவாளர் டபிள்யூ. எஸ். கெய்ன், வங்காளத்துல கஞ்சா மக்களைக் கெடுக்குது, விசாரிக்கணும்னு கேள்வி எழுப்பறார். அதே வருஷம் ஜூலையில இந்திய ஹெம்ப் மருந்துகள் கமிஷன் அமைக்கறாங்க. தலைவர் மேக்வொர்த் யங். மொத்தம் ஏழு பேர், அதுல மூணு பேர் இந்தியர். நாடு முழுக்க 1,193 சாட்சிகளை விசாரிச்சு, 1894-ல ஏழு தொகுதி அறிக்கை கொடுத்தாங்க.

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி மனநலக் காப்பகங்கள் பத்தினது. கஞ்சாவால பைத்தியம் பிடிச்சவங்க காப்பகங்கள்ல நிறைய பேர்னு எல்லாரும் நம்பினாங்க, ரெஜிஸ்டரும் அப்படித்தான் சொல்லுச்சு. கமிஷன் 1892-ம் வருஷம் சேர்ந்தவங்கள்ல கஞ்சா, பாங், சரஸ் காரணம்னு எழுதியிருந்த 222 கேஸை எடுத்து ஒண்ணொண்ணா விசாரிச்சுச்சு. நின்னது 98. மீதி எப்படி வந்துச்சு? ஃபார்ம்ல "காரணம்"னு ஒரு கட்டம். ஆளைக் கொண்டு வந்த போலீஸ்காரர் அதை நிரப்பியாகணும். எதுவும் தெரியலைன்னா "கஞ்சா"ன்னு எழுதிடுவார். மேண்டேட்டரி ஃபீல்டு, டீஃபால்ட் வேல்யூ! நம்ம ஆபீஸ் டேட்டாபேஸ்ல நாம தினமும் பார்க்கிற அதே வியாதி, 130 வருஷம் முன்னாடி. 98-ங்கறதும் சின்ன எண் இல்லை, அதையும் கமிஷன் மறைக்கல.

முடிவா அவங்க சொன்னது இது: அளவான பயன்பாட்டால பெரும்பாலும் கெடுதல் இல்லை, அளவு மீறினா கெடுதல். முழுத் தடை தேவையும் இல்லை, உசிதமும் இல்லை. ஆனா கட்டுப்பாடு வேணும். லைசென்ஸ் இல்லாம சாகுபடி கூடாது, சாகுபடியை சில இடங்களுக்குள்ள குவிக்கணும், கடைகளைக் குறைக்கணும், வரி போடணும்.

இந்தக் "குவிக்கணும்"தான் நம்ம ஊரைத் தொட்டது. மெட்ராஸ் மாகாணத்துல அதுவரை பல ஊர்ல, கொல்லைப்புறத்துல கூட, நாலஞ்சு செடி வளர்த்துட்டு இருந்தாங்க. பிறகு லைசென்ஸ் சாகுபடி ரெண்டு வட்டாரத்துக்குள்ள சுருங்குச்சு. ஒண்ணு, அப்போ கிருஷ்ணா மாவட்டத்துல இருந்த பாபட்லா பக்கம். இன்னொண்ணு, வட ஆற்காட்டு ஜவ்வாது மலை. நாம வீக்கெண்டுல வைனு பாப்பு டெலஸ்கோப் பார்க்கப் போற அதே ஜவ்வாது மலைதான். மலையில விளைஞ்சது சர்க்கார் கண்காணிப்புல கிடங்குக்குப் போகும், வரி கட்டி லைசென்ஸ் கடைக்குப் போகும்.

என் நண்பன் கேட்ட மாதிரி வீட்டுக்கு நாலு செடி வளர்க்கறது நின்னது இந்தக் கட்டத்துலதான். ஒழுக்கத்தை விட, எண்ணிப் பார்க்க முடியாத செடிக்கு வரி போட முடியாதுங்கறதுதான் பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன்.

அப்புறம் மதுவிலக்கு. 1937-ல ராஜாஜி அரசு கொண்டு வந்த மெட்ராஸ் மதுவிலக்குச் சட்டம் கள், சாராயத்தோட போதை மருந்துகளையும் சேர்த்துத்தான் தடை பண்ணுச்சு. 1937 அக்டோபர்ல சேலம், 1938-ல சித்தூரும் கடப்பாவும், 1939-ல வட ஆற்காடு. 1948-ல மாகாணம் முழுக்க. வரி தந்த பயிர் குற்றமா மாறின கதை அது.

உலக அளவுல பார்த்தா, 1925 ஜெனீவா ஒப்பந்தம் "இந்தியன் ஹெம்ப்"ங்கறதை பெண் செடியோட பூக்கும், காய்க்கும் நுனின்னு வரையறுத்தது. 1961 ஐ.நா. ஒப்பந்தம் அதுலேர்ந்து விதையையும் தனி இலையையும் வெளிய எடுத்துச்சு. நாருக்கும் விதைக்கும் மட்டும் பயிரிட்டா இந்த ஒப்பந்தம் பொருந்தாதுன்னும் 28-வது பிரிவுல எழுதினாங்க. இந்தியா அதுல கையெழுத்துப் போட்டது. 1985 சட்டத்தோட 14-வது பிரிவு கிட்டத்தட்ட அந்த வாசகம்தான்: நார், விதை, தோட்டக்கலைக்காக மட்டும் சாகுபடியை அரசு உத்தரவு மூலம் அனுமதிக்கலாம்.

கவனிங்க, "அனுமதிக்கலாம்". கதவு இருக்கு, சாவி அரசுகிட்ட இருக்கு. உத்தராகண்ட் 2018-ல அந்தச் சாவியைப் போட்டு வணிக சாகுபடிக்கு முதல் லைசென்ஸ் கொடுத்துச்சு. அங்க குமாவுன், கர்வால் மலைகள்ல தலைமுறை தலைமுறையா இந்த விதையை வறுத்து சட்னி அரைக்கறாங்க, நாரை எடுத்து கயிறு திரிக்கறாங்க. ஆனா நிபந்தனை: டி.எச்.சி. 0.3 சதவீதம் தாண்டக்கூடாது. தாத்தா காலத்துல இருந்து வெச்சிருக்கிற மலை விதை பல நேரம் அதைத் தாண்டிடுது. அப்ப சட்டப்படி பயிரிட வெளியில இருந்து விதை வாங்கணும்.

இந்த 0.3 எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? 1976-ல எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்குவிஸ்ட்னு ரெண்டு தாவரவியல் ஆளுங்க, செடியை வகைப்படுத்த வசதிக்காகப் போட்ட எண். போதைக்கான எல்லைன்னு அவங்க சொல்லல. வகைப்பாட்டுக்கு எடுத்துக்கிட்ட எண் கடைசியில சட்டமா மாறி, மலைக்காரங்க விதையைக் குற்றமாக்கிடுச்சு. இந்த எபிசோடு தயாரிச்சதுல என்னை ரொம்ப நேரம் யோசிக்க வெச்சது இதுதான்.

தமிழ்நாட்டுக்கு வந்தா, இங்க நிலவரம் வேற. ஆந்திரா, ஒடிசா பக்கம் இருந்து ரயில்ல மூட்டை வருது. தாம்பரம் ஸ்டேஷன்ல பிடிச்சாங்கங்கற செய்தி நமக்குப் பழகிப் போச்சு. 2021 கடைசியில இருந்து போலீஸ் "கஞ்சா வேட்டை"ன்னு பேர் வெச்சே தேடுது. இந்தச் சூழல்ல மாடியில நிக்கிற செடியைப் பார்த்து "சார், இது விதைக்கு"ன்னு சொன்னா யார் கேட்பாங்க? இன்னொரு பக்கம், தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு. மருந்து விதிகளோட ஈ-1 பட்டியல்ல, சித்த முறையில மருத்துவக் கண்காணிப்போட சாப்பிட வேண்டிய நச்சுப் பொருட்கள்ல கஞ்சா பேர் இன்னைக்கும் இருக்கு. ஒரே ரயில் தடத்துல, ஒரு ஸ்டேஷன்ல கடத்தல் பொருள், அடுத்த ஸ்டேஷன்ல மருந்துப் பட்டியல்.

நண்பனுக்கு இன்னொரு விஷயமும் சொன்னேன். சட்டத்தை மறந்துட்டாலும் சென்னை ஒத்துழைக்காது. இந்தச் செடி பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும். ஐரோப்பிய ஹெம்ப் ரகங்கள் கோடையில 15, 16 மணி நேர வெளிச்சத்துல உயரமா வளர்ந்து, பகல் குறையும்போது பூக்கும். நமக்கு வருஷத்தோட நீளமான பகலே 13 மணி நேரம் தொடாது. முளைச்ச கொஞ்ச நாள்லயே குட்டையா பூத்துடும். அதையும் தாண்டி ஆடியில விதைச்சா, விதை முத்தற நேரத்துல வடகிழக்குப் பருவமழை வந்து பூஞ்சை பிடிக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பழைய மெட்ராஸ் ஆவணங்கள்ல "ஹெம்ப்"னு வந்தா உடனே கஞ்சான்னு முடிவு பண்ணாதீங்க. பல இடத்துல அது நம்ம சணப்பு. மஞ்சப் பூ பூக்கும், அவரை குடும்பம், நெல்லுக்கு முன்னாடி மடக்கி உழற அதே பசுந்தாள் உரம். அதை தாராளமா வளர்க்கலாம்.

நண்பன் கடைசியா அனுப்பின மெசேஜ்: "அம்மாகிட்ட கொடுத்துட்டேன்டா. எள்ளுக்குப் பதிலா வறுத்து இட்லிப் பொடில அரைச்சுட்டாங்க. நல்லாத்தான் இருக்கு." காலியா இருந்த தொட்டியில சணப்பு தூவியிருக்கான்.

ஜவ்வாது மலைப் பக்கத்துல உங்க தாத்தா பாட்டி யாராவது அந்த லைசென்ஸ் காலத்தைப் பத்திச் சொல்லிக் கேட்டிருந்தீங்கன்னா, எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.