பேர்

‘பெயர்’ என்பதன் மரூஉ. பொதுவழக்கில் ஆளைக் குறிக்கும்: பத்துப் பேர் வந்தார்கள். கண்டியைச் சுற்றியுள்ள ஹந்தானை, லூல்கந்துர போன்ற மலைத் தேயிலைத் தோட்டங்களில் இதற்கு இன்னொரு பொருள் உண்டு: ஒரு நாள் வேலை, அதற்குரிய சம்பளம். “இந்த மாசம் எனக்கு இருபது பேர்” என்றால் இருபது நாள் வேலை. காலையில் பிரட்டுக்களத்தில் (ஆட்கள் கூடும் இடம்) ஆள் பிரித்து, செக்ரோலில் (வரவுப் பதிவேடு) பெயர் பதியும் முறையிலிருந்து இவ்வழக்கு வந்ததாகக் கொள்ளலாம். நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர்.

வேலையில் உள்ளவர்களை எண்ணும் இலங்கை அரசின் கணக்கு வேறு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 1990 முதல் நடத்திவரும் தொழிற்படை அளவீடு, தெரிந்தெடுத்த வீடுகளில் கடந்த ஒரு வாரத்தைப் பற்றி விசாரிக்கிறது. அந்த வாரத்தில் 1 மணித்தியாலம் உழைத்திருந்தாலே அவர் தொழிலுள்ளவர். குடும்பத் தொழிலில் சம்பளமின்றி உதவியவரும் அப்படியே. ஆகவே ஒரேயொரு அரைப்பேர் கிடைத்தவரும், ஆறு முழுப்பேர் போட்டவரும் அங்கே ஆளுக்கு ஒன்றுதான். வேலையின்மை வீதத்தைப் படிப்பவர்கள் அதே அறிக்கையிலுள்ள வேலை நேர அட்டவணையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.