நாலு டயர் வாங்கிய கதை

போன மாதம் இலுப்பூர் கடைத்தெருவில் பஞ்சர் ஒட்டப் போனேன். பின்சக்கரத்தில் சீமைக் கருவேல முள் ஏறியிருந்தது. நம் பக்கத்தில் இது அதிசயம் இல்லை. முள்ளை எடுத்த தம்பி டயரின் பக்கவாட்டைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, பஞ்சர் ஒட்டித் தாரேன். ஆனா இந்த டயரோட வெளியூர் போயிடாதீங்க" என்றான்.

"ஏன் தம்பி, பட்டன் எல்லாம் நல்லாத்தானே இருக்கு? முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு."

"ஓடுனது கம்மிதான் ஐயா. வயசு ஆயிடுச்சே."

ஓய்வூதியக்காரனைப் பார்த்துச் சொல்லும் பேச்சா இது என்று முதலில் சிரித்தேன். அவன் டயரின் பக்கத்தில் சிறு நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினான். 2316. 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று அதற்கு அர்த்தமாம். முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கோப்புகளில் தேதி பார்த்தே காலம் கழித்த எழுத்தன் நான். என் வண்டிச் சக்கரத்தில் இருந்த தேதியைப் படிக்கத் தெரியாமல் எட்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால் பக்கவாட்டில் வறண்ட ஏரி மண் போல மெல்லிய வெடிப்புகள். பட்டன் தேயாவிட்டாலும் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் இறுகிப் போய்விடுகிறது. கார் நிற்கும்போதும் டயருக்கு வயது ஏறுகிறது.

பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு காரைக்கால் போவதாக ஏற்பாடு. ஆகவே நாலும் மாற்றுவது என்று முடிவாயிற்று. ஒரு டயர் ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வரும் என்றதும் இரண்டு மட்டும் மாற்றலாமா என்று என் குமாஸ்தா மனது ஒரு நாள் முழுக்கக் கணக்குப் போட்டது. அதைத் தீர்த்து வைத்தவள் என் மனைவி. "எழுபத்தெட்டுல நடந்தது மறந்து போச்சாங்க?" என்றாள்.

மறக்கவில்லை. 1978-இல் திருச்சியிலிருந்து இலுப்பூர் வர ஒரு வாடகை அம்பாசிடர் பிடித்தோம். விராலிமலை தாண்டியதும் முன்பக்க இடது டயர் வெடித்தது. ரீட்ரெட் செய்த டயர். மேலே ஒட்டிய ரப்பர் வாழை மட்டை உரிவது போல உரிந்து போயிருந்தது. வண்டி சாலையை விட்டு இறங்கி ஒரு புளியமரத்துக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது. என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். அந்தப் பிள்ளையின் பிள்ளைகள்தான் இப்போது விடுமுறைக்கு வருகிறவர்கள். அந்த ஓட்டுநரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் புது டயருக்கு இருந்த விலையும் தட்டுப்பாடும் அப்படி. ரீட்ரெட் போடாத வாடகை வண்டியே அரிது.

டயர் என்ற சொல்லை நான் பெரியவனான பிறகுதான் பழகினேன். காரைக்காலில் நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளி. அங்கே அதற்குப் பெயர் 'ப்னே'. பகரத்தையும் னகரத்தையும் நடுவில் மூச்சு விடாமல் ஒன்றாகச் சொல்ல வேண்டும். தமிழ் நாக்குக்கு அது வராது. எங்கள் வாத்தியார் அரை மணி நேரம் அந்த ஒரு சொல்லோடு போராடியிருக்கிறார். வகுப்புச் சுவரில் மிஷ்லேன் கம்பெனி அச்சிட்ட பிரான்ஸ் நாட்டுச் சாலை வரைபடம் தொங்கும். பாரீஸிலிருந்து கிளெர்மோன் ஃபெரானுக்கு எப்படிப் போவது என்று எனக்கு மனப்பாடம். இலுப்பூருக்கு எப்படிப் போவது என்று கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த மிஷ்லேன் கதையை வாத்தியார் ரசித்துச் சொல்வார். காற்றடைத்த டயரை முதலில் நினைத்தவர் ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1845-இலேயே காப்புரிமை வாங்கினார். யாரும் சீந்தவில்லை. பிறகு 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கடகடவென்று ஆடாமல் இருக்க ரப்பர் குழாயில் காற்றடைத்துக் கட்டினார். ஆனால் அந்த டயரைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்ட வேண்டும். அதை ஓட்டி வந்த ஒருவர் பஞ்சராகி கிளெர்மோன் ஃபெரானில் மிஷ்லேன் சகோதரர்களின் பட்டறையில் வந்து நின்றார். பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம், பசை காய ஒரு ராத்திரி. கழற்றி மாட்டும் டயர் செய்தால் என்ன என்று எதுவார் மிஷ்லேனுக்குத் தோன்றியது அப்போதுதான். 1891-இல் செய்தும் காட்டினார். அந்த ஆண்டே அதை மாட்டிக்கொண்ட ஷார்ல் தெரோன், பாரீஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் நெடுஞ்சைக்கிள் பந்தயத்தில் முதலாவதாக வந்தார்.

டயர்களை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும் அவர்களுடைய குண்டு மனிதர் பொம்மைக்கு வயது நூற்றிருபதைத் தாண்டிவிட்டது. அவர் ஏன் வெள்ளையாக இருக்கிறார் தெரியுமா? பிறந்தபோது டயர்கள் கறுப்பு இல்லை. உழைப்புக்காகக் கரித்தூளைக் கலக்கும் வழக்கம் 1910-களில்தான் வந்தது. டயர் கறுத்துவிட்டது, அவர் மட்டும் வெள்ளையாகவே நின்றுவிட்டார்.

இன்று கார்களில் ஓடும் ரேடியல் டயரும் அவர்கள் 1946-இல் காப்புரிமை பெற்றதுதான். பழைய டயரில் நூல்கள் கயிற்றுக் கட்டில் போலக் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடும். ரேடியலில் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகப் போகும். அதன் மேல் எஃகுக் கம்பிப் பட்டை சுற்றியிருக்கும். நம் கொல்லர் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை மாட்டினாரே, ஏறக்குறைய அதே யோசனை. அவர் வெளியே மாட்டினார், இவர்கள் ரப்பருக்குள் மறைத்தார்கள். இந்தியாவில் 1977-இல் ஜே.கே. நிறுவனம் ரேடியலைத் தொடங்கி வைத்தது.

நம் ஊர்ப் பக்கத்துக்கு டயர் வந்த கதை இதற்குச் சளைத்ததில்லை. 1912-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். பின்னாளில் டி.வி.எஸ். என்று விரிந்த ஆலமரத்துக்கு விதை அந்தச் சாலையில் விழுந்தது. மாட்டின் லாட ஆணிகள் டயரைக் குத்தாமலிருக்கக் காந்தம் கட்டிய வண்டியை முன்னால் அனுப்பிச் சாலையைத் துப்புரவு செய்வாராம். பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்று யாராவது கருவேல முள்ளுக்கு ஒரு காந்தம் கண்டுபிடித்தால் நம் வட்டமே அவரைக் கும்பிடும்.

எம்.ஆர்.எஃப். கதை வேறு மாதிரி. திருவாங்கூரில் குடும்பத்தின் வங்கியும் மலையாள மனோரமா பத்திரிகையும் 1938-இல் மூடப்பட்டு நொடித்துப் போன வீட்டுப் பிள்ளை கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். ஆமாம், குழந்தைகள் ஊதும் பலூன். 1952-இல் ரீட்ரெட்டுக்கான ரப்பர். 1961-இல் அமெரிக்க மான்ஸ்ஃபீல்டு கம்பெனியின் கூட்டில் டயர். பலூனும் டயரும் ரப்பருக்குள் காற்று அடைக்கும் தொழில்தானே!

சரி, அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? ரப்பர் மரம் பிரேசில் நாட்டுக் காட்டு மரம். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தன. மறு ஆண்டு இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. அந்த வழியில் பெருகியதுதான் மலேயாவின் ரப்பர் காடு. (நம் ஊருக்குப் பெயர் கொடுத்த இலுப்பையும் பால் வடியும் மரம்தான். ரப்பரைப் போன்ற கட்டாபெர்ச்சா தருகிற மரம் இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது. பாவம், நம் இலுப்பைக்கு எண்ணெயோடு யோகம் முடிந்துவிட்டது.)

மலேயாக் காட்டில் பால் வெட்டியவர்கள் நம்மவர்கள். கங்காணி வந்து ஊரில் ஆள் கட்டி, நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்குவார். நான் சிறுவனாக இருந்தபோது ரஜூலா கப்பலை நாகையில் பார்த்திருக்கிறேன். கரைக்கு வராது, தள்ளி நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். கரையில் நின்று அழுகிறவர்கள் கூட்டம் எப்போதும் இருக்கும். அந்தத் தோட்ட வாழ்க்கையை 'பால்மரக் காட்டினிலே' என்று நாவலாக எழுதிய அகிலனும் நம் புதுக்கோட்டைச் சீமைப் பெருங்களூர்க்காரர்தான்.

என் மனைவியின் தாத்தா அப்படிப் போனவர். 1937-இல் போனார். மறு ஆண்டே இந்திய அரசு மலேயாவுக்குக் கூலியாட்கள் அனுப்புவதைத் தடை செய்தது. ஒரு வருடம் தாமதித்திருந்தால் போயிருக்க மாட்டார். மாதா மாதம் கடிதமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணமும் வந்தன. 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலேயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. உலகத்து ரப்பரில் பெரும்பகுதி அந்தப் பக்கம் சிக்கிக்கொண்டது. இங்கே டயரும் இல்லை, பெட்ரோலும் இல்லை. பஸ்களுக்குப் பின்னால் கரிவாயு அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். என் மாமியார் அப்போது பத்து, பன்னிரண்டு வயதுப் பெண். புதுக்கோட்டை பஸ் நின்றுவிட்டதால் தபால் வரவில்லை, டயர் வந்து பஸ் ஓடினால் அப்பா கடிதமும் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தாராம். அங்கே விற்க வழியில்லாமல் தோட்டங்கள் முடங்கின. வேலை இழந்த தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் ஜப்பானியர் சயாம் பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது திரும்பாதவர்கள் பல்லாயிரம். பஸ் மறுபடி ஓடியது. கடிதம் வரவில்லை. மாமியார் சாகும் வரை கடைசிக் கடிதத்தை ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தார். இப்போது அது என் மனைவியிடம் இருக்கிறது.

திருச்சிக் கடைக்குப் போனோம். எங்கள் டிசையருக்கு 165/80 ஆர்14 அளவு. 165 என்பது மில்லிமீட்டரில் அகலம், 80 என்பது அந்த அகலத்தில் உயரம் எத்தனை சதவீதம், 14 என்பது சக்கரத்தின் விட்டம் அங்குலத்தில். அடுத்து வரும் 85டி என்பதில் 85 ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. அன்னவாசல் சாலையில் நான் ஐம்பதைத் தாண்டுவதில்லை என்பதைக் கடைக்காரரிடம் சொல்லவில்லை.

சுவர் வரைபடத்தின் ஞாபகத்தில் மிஷ்லேன் இருக்கிறதா என்று கேட்டேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தேர்வாய் கண்டிகையில் அவர்கள் தொழிற்சாலை தொடங்கியது லாரி, பஸ் டயருக்குத்தான். இந்த அளவு கடையில் இருப்பு இல்லை என்றார். பழைய பாசத்துக்காக வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது. ஒரு நம் நாட்டு டயரை எடுத்தேன். பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும். முதலில் கொண்டுவந்த நாலில் ஒன்று பதினான்கு மாதப் பழசு. நீள்வட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். கடைக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது. குமாஸ்தாவிடம் தேதி விஷயத்தில் தப்ப முடியுமா? மூன்று மாதத்துக்கு உட்பட்டவை வந்தன.

மாட்டிக்கொண்டிருக்கும்போது மனைவி புது டயரைத் தொட்டுப் பார்த்தாள். "இது மலேயாப் பாலாங்க?" என்றாள். கேரளத்துப் பாலாக இருக்கலாம், கன்னியாகுமரி கீரிப்பாறைப் பாலாகவும் இருக்கலாம் என்றேன். "அங்கயும் யாராவது வெட்டியிருப்பாங்கள்ல" என்றாள்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை இறுக்கிப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். காரைக்கால் போய்த் திரும்பினாலே பாதிக்கு மேல் வந்துவிடும்.